எல்லாருக்கும் ஒரே நம்பர்

ஹாஸ்டல் கூடத்தில் இருந்தவர்கள்: ஓனர் தனசேகரன், அவரிடம் சம்பளம் வாங்கும் வார்டன் பிலோமினா, குடியிருக்கும் பெண்கள் ஆறு பேர். தண்ணீர்த் தொட்டியில் செத்துக் கிடந்த எலியைப் படமெடுத்து, பெயர் போடாமல் இணையத்தில் ஏற்றியவளை அன்றே காலி செய்ய வைக்க வேண்டும் என்று வந்திருந்தார் அவர்.

"நம்ம நெட்லேர்ந்துதான் போயிருக்கு. எஸ்தர், ரவுட்டரை நீதானே செட் பண்ணின? எவ போனுன்னு பாத்துச் சொல்லு."

பக்கத்தில் நின்ற நிலோஃபரின் போன். எஸ்தருக்குத் தெரியும், ரவுட்டருக்கும் தெரியும். எஸ்தர் தன் துப்பட்டாவிலிருந்து ஊக்கைக் கழற்றி, ரவுட்டரின் பின்பக்க ஓட்டைக்குள் விட்டு, பத்து எண்ணும்வரை அழுத்தினாள். பச்சை விளக்குகள் மொத்தமும் அணைந்தன.

"என்னடி பண்ற?"

"எல்லாத்தையும் அழிச்சாச்சு சார். ரவுட்டருக்குள்ளதான் எங்க போனுங்களுக்கு ஆறு நம்பர். வெளியே நெட்டுக்குப் போறப்ப எல்லாருக்கும் ஒரே நம்பர்தான். ஒருத்தியைத் துரத்தணும்னா ஆறு பேரையும் துரத்துங்க."

"துரத்தத்தான் போறேன்!"

"துரத்துங்க. ஆனா மணி ஆறு பத்து. ஆறுக்கு மேல ஆம்பளைங்க உள்ள இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே போர்டு மாட்டினீங்க?"

தனசேகரன் வார்டனைப் பார்த்தார். பிலோமினா சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வாசல்வரை அவரோடு நடந்தாள். அவர் படி இறங்கியதும் கதவைச் சாத்தி, உள்பக்கமாகப் பூட்டினாள்.