வந்தேறி மரங்கள்

"இந்த ஓக் மரமெல்லாம் நம்ம ஊர் மரமே இல்லை. வந்தேறி!"

ஊர்க் கூட்டத்தில் ரூபர்ட் எழுந்து இப்படிச் சொன்னதும் லூபிட்சாவுக்குச் சுருக்கென்றது. குரோவேஷியாவில் பிறந்து, இங்கே ஜெர்மனிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். ஊர்த் திடலில் நிற்கும் அந்த முப்பது மரங்களின் நிழலில்தான் அவளுடைய காபிக் கடை.

ஊரார் குறிபார்த்துச் சுடும் போட்டி வைத்துக் கொண்டாடும் துப்பாக்கித் திருவிழாவுக்குக் கூடாரம் போட இடம் போதவில்லை, மரங்களை வெட்டிவிடலாம் என்று ஊர்த் தலைவர் கிளெமென்ஸ் அப்போதுதான் பேச்செடுத்திருந்தார்.

"நல்லாயிருக்கே! இன்னிக்கு மரம், நாளைக்கு நானா?" என்று சீறினாள் லூபிட்சா.

ரூபர்ட் ஓய்வுபெற்ற வன அதிகாரி. அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"சந்தேகம்னா இலையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்க. மரபணு அடையாளத்தைப் பார்த்து, விதை எந்தச் சீமையிலேர்ந்து வந்ததுன்னு புட்டுப்புட்டு வெச்சிடுவாங்க."

"அனுப்பிட்டாப் போச்சு!"

தலைவருக்கு வாயெல்லாம் பல். ஊரே கை தூக்கியது.

மறுநாள் ரூபர்ட் கடைக்கு வந்தார்.

"வந்தேறி கையால காபி உங்களுக்கு எதுக்கு?" என்றாள் லூபிட்சா.

மனிதர் தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்தார். சே, இப்படியும் ஒரு கல்நெஞ்சமா!

ஆறு வாரத்தில் முடிவு வந்தது. தலைவர் கூட்டத்தில் குஷியாகப் படித்தார்.

"இவை இந்த வட்டாரத்து மரங்கள் அல்ல. பூர்வீகம் குரோவேஷியாவின் ஸ்லவோனியா..."

"ஐயோ, எங்க ஊரு!" லூபிட்சா துள்ளி எழுந்தாள்.

கூடவே இருந்த வனத்துறைக் கடிதத்தைப் பிரித்ததும் தலைவரின் குரல் கம்மியது.

"நேராக, நெடுநெடுவென்று வளரும் அரிய ரகம். விதைக்காகப் பாதுகாக்கப்படுகிறது. வெட்டத் தடை."

லூபிட்சா ஓடிப்போய் ரூபர்ட்டை வாசலில் மடக்கினாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாமே? ஊர் மரமெல்லாம் துளிர்த்து ரெண்டு வாரம் கழிச்சுத்தானே இதுங்க கண்ணைத் திறக்கும்! அது ஸ்லவோனியா ஓக்கோட குணம். முப்பது வருஷமாப் பார்க்கிறேன்."

"அப்போ காப்பாத்துங்கன்னே கேட்டிருக்கலாமே! என்னை ஏன் நோகடிச்சீங்க?"

"மன்னிச்சுக்கம்மா. இந்த மரங்களைக் காப்பாத்தணும், ஒரு பரிசோதனை பண்ணுங்கன்னு போன வருஷம் மூணு மனு குடுத்தேன். ஒருத்தர்கூடப் பிரிச்சுப் பார்க்கலை. வந்தேறின்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னேன், அத்தனை பேரும் கை தூக்கிட்டாங்க!"