ஒரு கை தூரம்

"இந்த ஏழாம் நம்பர் பொண்ணுதான். எழுதி வெச்சுக்கோ மோளே" என்றார் ரெஜி, வாயில் பழம்பொரி பஜ்ஜியோடு.

ரெஜி அந்த மென்பொருள் குழுவின் தலைவர். ஆண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பெண்கள் எல்லாரும் அவருக்கு மோளேதான், அதாவது மகளேதான்.

திரையில் பெண் என்று யாரும் இல்லை. ஓர் உருண்டை, அது தலை. இரண்டு புள்ளிகள், அவை கைகள். கண்ணாடி மாட்டிக்கொண்டு மெய்நிகர் அரங்குக்குள் போன பன்னிரண்டு பேரின் அசைவுகளைப் பதிவு செய்து, பெயர், நாள், குரல், உருவம் எல்லாவற்றையும் நீக்கி, எண் மட்டும் போட்டுப் பிறகு பார்ப்பது அந்தக் காக்கநாட்டு அலுவலகத்தின் வழக்கம். உள்ளே போனவர்களுக்கே, மற்றவர்கள் கண்ணுக்குத் தாங்கள் எந்த உருவத்தில் தெரிகிறோம் என்று தெரியாது. இரண்டு வெள்ளைக் கையுறைகள் மட்டும் தெரியும்.

"எப்படி சார் அவ்வளவு உறுதியா சொல்றீங்க?" என்றாள் அவர் குழுவில் வேலை பார்க்கும் ஷிம்னா.

"பதினெட்டு வருஷ சர்வீஸ். அங்க பாரு, மூணு பேரு கிட்ட வராங்க. ஏழு என்ன பண்ணுது? பின்னாலயே போகுது. சும்மா சும்மா தலைய ஆட்டுது. ரெண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால வெச்சுக்கிச்சு. இதோ, செவுத்துல போய் ஒட்டிக்கிச்சு. ஆம்பளயா இருந்தா, தள்ளி நில்லுடான்னு கைய நீட்டியிருப்பான்."

"மூணு பேரு சேந்து வந்து நெருக்கினது தப்பில்லயா?"

"அவனுங்க பழக வந்தானுங்க. இது பயப்படுது. பொண்ணுங்க பொறப்பே அப்படி. அதுக்கு நம்ம சாப்ட்வேர் என்ன பண்ணும்?"

திரையில் ஏழாம் எண் சட்டென்று அணைந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டதாக அர்த்தம்.

"பாத்தியா, ஓடிருச்சு" என்று ரெஜி சிரித்தார்.

ஷிம்னா சிரிக்கவில்லை. அந்த மென்பொருளுக்குள் அவள் எழுதி வைத்திருந்தது ஒரு வேலி. அரங்குக்குள் யாராவது ஒரு கை தூரத்துக்குள் நெருங்கினால், நெருங்கியவனின் உருவம் கரைந்துபோகும். அது இருப்பதா, எடுப்பதா என்று இன்று ரெஜி முடிவு செய்ய வேண்டும். முதல் சோதனைக்குப் போன ஜின்சி, "தோள்மேலயே ஏறி நிக்கறானுங்கடி" என்று சொல்லிவிட்டு மறுவாரம் வேலையையே விட்டுப் போனாள். அவளைத் தொட்டாச்சிணுங்கி என்றவர் ரெஜி.

"ஜின்சி சொன்னதையும் நீங்க நம்பல சார்."

"நானும்தான் செவ்வாய்க்கிழமை உள்ள போனேன். என்ன ஆச்சு? அந்தக் கண்ணாடி கனத்துல கழுத்துதான் புடிச்சுக்கிச்சு. கழட்டி வெச்சுட்டு சாயா குடிக்கப் போயிட்டேன். இதுக்கெல்லாம் வேலி கட்டிட்டிருந்தா, பொருள் எப்ப வெளிய போறது?"

"அப்ப ஆம்பளைங்க யாரும் இப்படிப் பின்வாங்க மாட்டாங்க?"

"இந்த ஏழாம் நம்பர் ஆம்பளன்னு காட்டு. உன் வேலிய நான் தொடவே மாட்டேன்."

"அத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்." அவள் தாளை நீட்டினாள்.

விரலில் இருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு ரெஜி எழுதினார்: 'ஏழாம் எண் ஆண் என்றால் வேலி இருக்கட்டும்.' கீழே கையெழுத்து, தேதி.

ஷிம்னா அந்தத் தாளை முதலில் தன் கோப்புக்குள் பத்திரப்படுத்தினாள். பிறகுதான் பெயர்ப் பட்டியலை அவர் பக்கம் திருப்பினாள்.

'எண் 7. செவ்வாய்க்கிழமை. பெயர்: ரெஜி. கணினி குலுக்கிக் கொடுத்த உருவம்: சுடிதார் அணிந்த இளம்பெண்.'