மூடியில் ஒரு சிறு திருகு

மிக்கேலின் வள்ளத்தில் ஒரு பழைய இன்ஜின் இருந்தது. கிளப்பினால் கால் மணி நேரம் ஓடும், பிறகு விக்கி நின்றுவிடும்.

"அண்ணே, எண்ணெய் வரமாட்டேங்குது," என்றது இன்ஜின்.

"என் வயிறு நிறைய எண்ணெய் இருக்கு. உறிஞ்ச உனக்குத்தான் தெம்பில்ல," என்றது டேங்க். ஒரு சொட்டும் சிந்தக்கூடாதென்று, தளர்த்தினால் காற்றை உள்ளே விடும் தன் மூடியின் சிறு திருகை அது இறுக்கியே வைத்திருந்தது.

மிக்கேல் பிளக்கை மாற்றினான். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். டேங்க்கை அவன் தொடவேயில்லை. நின்றுபோவது இன்ஜின்தானே.

"வயசாயிடுச்சு, வேறென்ன," என்றது டேங்க்.

கடைசியில் இன்ஜின் பழைய இரும்புக் கடைக்குப் போனது.

புது இன்ஜின் வந்தது. கால் மணி நேரத்தில் அதுவும் நின்றது. மிக்கேல் சற்று யோசித்துவிட்டு மூடியின் திருகைத் தளர்த்தினான். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது, குழாயில் எண்ணெய் தடையில்லாமல் இறங்கியது. அதன்பின் இன்ஜின் நிற்கவேயில்லை.

கரை நெருங்கும்போது புது இன்ஜின் கேட்டது: "எனக்கு முன்னால இருந்தவர் எப்படி அண்ணே?"

டேங்க் சொன்னது:

"நல்லா ஓடுவான். எண்ணெய் வரலைன்னு ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டே இருந்தான்."