கைப்பிடிக்குக் கீழே

முதல் மனைவி ஹெலன் இறந்ததிலிருந்து ஆறு வருடமாக வெயிலில் வெளுத்துக் கிடந்த அவளுடைய சின்ன நீலக் காரை, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானசேகர் பாலிஷ் போட ஆரம்பித்தார்.

“இப்ப எதுக்குங்க?” என்று கேட்டாள் எஸ்தர். அவருக்கு இரண்டாவதாக வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

“விக்கணும்ல. இப்படியே விட்டா யாரு வாங்குவா?”

அவர் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்க்கத் தேய்க்க, சுண்ணாம்பு பூத்தது போலிருந்த வெளுப்புக்கு அடியிலிருந்து ஆழ்ந்த நீலம் மேலே வந்தது. கல்யாணமான இந்த இரண்டு வருடத்தில் அந்த விரல்கள் எதன் மீதும் இவ்வளவு பொறுமையாக நகர்ந்து எஸ்தர் பார்த்ததில்லை.

கார் முழுவதும் பளபளத்தது. ஓட்டுபவர் பக்கத்துக் கதவில், கைப்பிடிக்குக் கீழே மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு அவர் தொடவே இல்லை. அங்கே மெல்லிய கீறல்கள் இருந்தன.

“அத விட்டுட்டீங்களே?”

“அது அவ மோதிரம் பட்டுப் பட்டு விழுந்தது,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உள்ளே போனார்.

எஸ்தர் துணியை எடுத்தாள். தோள்பட்டை கடுக்கக் கடுக்கத் தேய்த்தாள். கீறல்கள் ஒவ்வொன்றாக மறைந்து, அந்த இடமும் மற்ற இடங்களைப் போலவே ஆனது. அப்புறம்தான் அவளுக்குப் பயம் வந்தது.

திரும்பி வந்தவர் கைப்பிடிக்குக் கீழே விரலால் தடவினார். மறுபடியும் தடவினார். எஸ்தர் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். திட்டிவிட்டால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

அவர் அவள் கையை முன்னால் இழுத்து, நீலம் ஏறியிருந்த விரல்களைப் பார்த்தார்.

“வலிக்குதா?”

“ஆமா,” என்றாள் எஸ்தர். அவர் கையை விடவில்லை.