நொறுக்குச் சத்தம்

திரையில் போலிப் பாதிரியார் மணமகளின் காதில் ஏதோ ரகசியம் சொல்ல வாயெடுத்தார். சோபாவின் ஒரு கோடியிலிருந்து மறுபடியும் 'நொறுக்' என்றது.

மார்லா மகளை முறைத்தாள். டெஸ்ஸா கண்டுகொள்ளவில்லை. மடியில் பெரிய கிண்ணம். அதிலிருந்து சோளச் சிப்ஸை ஒவ்வொன்றாக எடுத்து, வாயைத் திறந்தபடியே மென்றுகொண்டிருந்தாள். பதினாலு வயசுப் பெண். மாடுகூட இதைவிட நாகரிகமாக அசை போடும்.

வெளியே மழை கொட்டியது. அமெரிக்காவின் ஆரிகன் கடற்கரையில் நவம்பர் மழைக்கு யாரும் பயப்படுவதில்லை. ஆனால் அன்றைக்கு அடித்த காற்றில் படகுத்துறைக்குப் போய் நண்டுக்கூடை இறக்குகிற தைரியம் வெண்டலுக்கே வரவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான் என்று மார்லா தக்காளி சூப் வைத்தாள், சீஸ் வைத்து ரொட்டி வாட்டினாள், மூன்று பேருமாக ஒரே சோபாவில் படம் பார்க்க உட்கார ஏற்பாடு செய்தாள்.

வெண்டல் அவளுடைய இரண்டாவது கணவர். மரம் அறுக்கும் மில்லில் வேலை. நல்ல மனுஷர். ஆனால் கல்யாணமாகி எட்டு மாதமாகியும் ஒரு படத்தை முழுசாக அவர்களோடு பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்திலேயே கராஜில் வேலை இருக்கிறது என்று எழுந்துவிடுவார். இவர்கள் சிரிக்கிற இடத்தில் சிரிக்கமாட்டார். டெஸ்ஸா எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பதோடு சரி. தன் பெண்ணை இவருக்குப் பிடிக்கவில்லையோ, இந்த வீடு இவருக்கு ஒட்டவே ஒட்டாதோ என்று மார்லாவுக்கு உள்ளுக்குள் பயம். ஒரே ஒரு படம், முடிகிறவரை மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்துவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

அதில்தான் இந்தப் பெண் மண்ணள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நொறுக்.

"மெதுவா தின்னுடி. அவன் என்ன சொன்னான்னே கேட்கல."

"சிப்ஸ்னா அப்படித்தாம்மா சத்தம் வரும்."

"அப்ப கிண்ணத்தைக் கீழ வை."

"பசிக்குது."

சூப்பைத் தொடாமல் வைத்துவிட்டுப் பசிக்கிறதாம். இந்த வாரம்தான் பல்லுக் கம்பியை இறுக்கி விட்டிருந்தார்கள். கெட்டியாக எதையும் கடிக்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். காலையில் ரொட்டியையே பாலில் ஊறவைத்துத்தான் விழுங்கினாள். இப்போது வேண்டுமென்றே செய்கிறாள், சந்தேகமில்லை. வெண்டல் எழுந்து போகட்டும் என்றுதான் செய்கிறாள்.

மார்லா ஓரக்கண்ணால் பார்த்தாள். வெண்டல் முகம் சுளிக்கவில்லை. பாவம், பொறுத்துக்கொள்கிறார் போலும். ஆனால் கை முழங்காலைத் தடவ ஆரம்பித்துவிட்டது. கராஜுக்குக் கிளம்புவதற்கு முன் அவர் எப்போதும் செய்கிற காரியம் அது.

நொறுக், நொறுக்.

"கேட்கலைன்னா கீழ எழுத்து போட்டுக்கோயேன்," என்றாள் டெஸ்ஸா.

மார்லா ரிமோட்டை வெடுக்கென்று எடுத்து அழுத்தினாள். கொஞ்சம் பின்னால் போய், அதே காட்சியை மறுபடி ஓடவிட்டாள். திருடன்தான் பாதிரியார் வேஷத்தில் நிற்கிறான். மணமகளிடம் அவன் சொன்ன ரகசியம் இப்போது எழுத்தாக வந்தது. 'அந்த மோதிரத்தை மட்டும் கழற்றிடாதம்மா. கழற்றினா என்னால சும்மா இருக்க முடியாது.'

வெண்டல் சிரித்தார். தோள் குலுங்க, வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை மார்லா அந்த வீட்டில் அதுவரை கேட்டதில்லை.

படம் முடிகிறவரை அவர் எழவில்லை. நடுவில், இந்தப் பயல் மாட்டிக்கொள்ளப் போகிறான் பார் என்று டெஸ்ஸாவிடம் பந்தயம் வேறு கட்டினார். ஆனால் முடிந்ததும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, கடை வரைக்கும் போய்வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

மார்லா சமையலறைக்குப் போனாள். டெஸ்ஸா கன்னத்தில் ஐஸை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.

"இந்த மழையில கிளம்பிப் போயிட்டார். இப்ப உனக்கு சந்தோஷமா?"

"அவருக்குக் காது சரியா கேட்கலம்மா."

"என்னடி சொல்றே?"

"மில்லுல இத்தனை வருஷமா ரம்பச் சத்தம் இல்ல? ஒருநாள் வண்டியில போறப்ப, எனக்கு ஒரு யானை வாங்கித் தர்றீங்களான்னு கேட்டேன். பார்க்கலாம்னார்."

மார்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"போன வாரம் எழுத்து போடலாமான்னு கேட்டேன். நீ என்ன சொன்னே?"

சொன்னது நன்றாகவே ஞாபகம் இருந்தது. 'எதுக்கு? நம்ம வீட்ல யாரு செவிடு?' என்று வெண்டலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டிருந்தாள். அவரும் சிரித்தார். அப்புறம் எழுந்து கராஜுக்குப் போய்விட்டார்.

"அதான், பழி சிப்ஸ் மேல போகட்டும்னு விட்டுட்டேன். நமக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேண்டாம்மா."

மார்லா மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையிலிருந்த ஐஸை வாங்கி, அவள் கன்னத்தில் தானே பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. சொட்டச் சொட்ட நனைந்து வந்த வெண்டல், ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை டெஸ்ஸாவிடம் நீட்டினார். கோட்டுக்குள்ளிருந்து ஒரு பெரிய சிப்ஸ் பாக்கெட்டை எடுத்து மார்லாவின் மடியில் வைத்தார்.

"பாவம், அவ பல்லு வலிக்கும். அடுத்த படத்துக்கு நீ கடி. இருக்கறதுலயே எது அதிகமா சத்தம் போடும்னு கேட்டு வாங்கினேன்."