சிவப்பாகவே இருந்த சாலை

“சிவப்பை எடுத்துட்டுப் பச்சை போடுங்க சார். லாரி எல்லாம் நிக்குது!”

மோகனா போட்ட சத்தத்தில் அறையே திரும்பிப் பார்த்தது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். போர் நடக்கும் நாடுகளில் எந்தச் சாலையில் போகலாம், எதில் போகக்கூடாது என்று வரைபடத்தில் நிறம் போட்டுக் கொடுப்பது அவர்கள் வேலை. பயணிகளும் நிவாரணக் குழுவினரும் அதை நம்பித்தான் வண்டியை எடுப்பார்கள்.

“கண்ணிவெடி இருந்த ரோடும்மா அது. எடுத்தாச்சுன்னு ஒரே ஒரு ஆள்தான் சொல்றான்,” என்றார் மேலாளர் ஷபீ அஹமது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “இன்னொருத்தரும் பாத்துச் சொல்லட்டும்.”

“அதுக்குள்ள அந்த ரோட்டுக் கடைசில இருக்கிற அகதி முகாம்ல எல்லாரும் செத்துட்டா? மாவு தீந்துபோச்சாம் சார். குழந்தைங்களுக்குக் கஞ்சிகூட இல்லையாம்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா இப்டிப் பேசறீங்க?”

“வெடிச்சா அந்த டிரைவர் வீட்டுக்கு யாரு பதில் சொல்றது? நீயா, நானா? சிவப்பு அப்டியே இருக்கட்டும். போய் வேலையப் பாரு.”

பசின்னா இன்னான்னு தெரியுமா இந்த மனுஷனுக்கு?

மோகனா செல்போனை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று மாடிப்படிக்கு வந்தாள். வராத லாரிக்காக அவர்கள் வழி பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அதையாவது சொல்லிவிடலாம் என்று முகாமுக்குப் போன் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள். ஆம்பூர் அலுவலகத்திலிருந்து பேசுவதாக மோகனா ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி ஆரம்பித்தாள்.

“தமிழ்லயே பேசுங்கக்கா. நான் இங்க நர்ஸ். பேரு முபஷ்ஷிரா.”

மோகனா படியிலேயே உட்கார்ந்தாள்.

“இன்னிக்கு லாரி வராதும்மா. ரோட்டைத் தொறக்க மாட்டேன்னு எங்க சார் பிடிவாதமா உக்காந்திருக்காரு. கல்லு மனசு.”



“காலையிலயே சொல்லிட்டாருக்கா. தொறக்காதீங்கன்னுதான் நானும் சொன்னேன்.” குரல் பலவீனமாக இருந்தது. “ஒரு உதவி பண்றீங்களா? நான் இங்க பட்டினின்னு தெரிஞ்சதுல இருந்து அப்பா ஒரு வாய் சாப்பிடலையாம், அம்மா சொல்லி அழுவுறாங்க. உங்க சாரைக் கொஞ்சம் சாப்பிட வைங்கக்கா.”