பதினோரு மணிக்கு அறுகிற டனல்

"தினமும் பதினோரு மணிக்கு இருபது நிமிஷம், மூணு மணிக்கு இருபது நிமிஷம். கடிகாரம் பார்த்துச் சாகுற லைனை நான் எங்கேயும் பார்த்ததில்லம்மா!" என்றார் அதிகாரி.

தலைமை அலுவலகத்தையும் கிடங்கையும் இணைக்கும் வி.பி.என். டனல் அது; இணையத்துக்குள்ளேயே ஓடும் தனி வழி. அது அறுந்திருக்கும் நேரத்தில் கிடங்கிலிருந்து எது வெளியே போனாலும் இங்கே தெரியாது.

"யாரோ வேணும்னே பிடுங்குறாங்க. ஆளைப் பிடி. சீட்டைக் கிழிச்சுடறேன்."

நெட்வொர்க் பொறியாளரான அவளுக்கும் ஒரே ஆள் மேல்தான் சந்தேகம். கிடங்கு மேற்பார்வையாளர். உம்மணாமூஞ்சி என்று பேர் வாங்கிய மனுஷன். போன வாரம் கேட்டதற்கு, "கரண்ட் போயிருக்கும்" என்று மழுப்பினார்.

கரண்டுக்கு மணி பார்க்கத் தெரியுமா என்ன?

ரூட்டரில் கீப்அலைவ் அமைப்பை மாற்றினாள். இனி பத்து விநாடிக்கு ஒரு தடவை 'இருக்கியா?' என்று இந்த முனை கேட்கும். 'இருக்கேன்' என்று அந்த முனை சொல்ல வேண்டும். மூன்று தடவை பதில் வராவிட்டால் அவள் போன் அலறும்.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் கிடங்குக்கே போய், பெட்டி அடுக்குகளுக்குப் பின்னால் நின்றாள்.

மணி பதினொன்று. போன் அலறியது.

ரூட்டர் அறைக்கு ஓடினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வெளியே ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தார் உம்மணாமூஞ்சி.

"உள்ளே யாரு சார்?"

"யாருமில்ல."

"தாழ்ப்பாள் தானா போட்டுக்கிச்சா?"

"பிளக்கைப் பிடுங்கினது நான்தான். எழுதிக்கிட்டுப் போங்க."

"எதுக்காம்?"

"போன் சார்ஜ் போட."

"போன் உங்க சட்டைப் பையிலதானே இருக்கு?"

அவர் ஸ்டூலை விட்டு நகரவில்லை. சரி, வெளியே வந்துதானே ஆகணும் என்று அவளும் அங்கேயே நின்றாள்.

இருபது நிமிஷம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது.

வந்தவள் பில் போடும் பெண். பிரசவ விடுப்பு முடிந்து போன மாதம்தான் வேலைக்குத் திரும்பியவள். ஒரு கையில் பால் எடுக்கும் சின்ன மெஷின், மறு கையில் துண்டு சுற்றிய பாட்டில். பொறியாளரைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது.

"சாரை ஒண்ணும் பண்ணிடாதீங்கக்கா. பாத்ரூமை விட்டா தாழ்ப்பாள் இருக்கிறது இந்த அறைக்கு மட்டும்தான். பிளக் பாயிண்ட்டும் ஒண்ணே ஒண்ணுதான்..."

"நீ போம்மா. பாலை முதல்ல ஃபிரிட்ஜில வை," என்றார் அவர்.

பொறியாளரின் குரல் இறங்கிப் போயிருந்தது.

"இன்னொரு பிளக் கேட்டிருக்கலாமே சார்?"

"ரெண்டு தடவை எழுதிக் கேட்டேன்."

"காரணத்தையும் எழுதியிருக்கலாமே?"

"நாலு பேர் கைமாறுற காகிதத்துல எழுதுற விஷயமாம்மா அது?"

மேசை இழுப்பறையிலிருந்து தலைமை அலுவலகப் பதில்கள் இரண்டையும் எடுத்து நீட்டினார். 'ரூட்டருக்கு ஒரு பிளக் போதும். கூடுதல் தேவையில்லை.' இரண்டிலும் அதே வரி, கீழே அதே கையெழுத்து.

அவள் குனிந்து அந்தக் கையெழுத்தை இன்னொரு தடவை படித்தாள்.

போன் மறுபடி அடித்தது. அதிகாரி.

"என்னம்மா, லைனைக் கெடுக்கிற ஆள் மாட்டியாச்சா?"

"மாட்டியாச்சு சார். ஒரு பிளக் போதும்னு ரெண்டு தடவை கையெழுத்துப் போட்ட ஆள்."

"யாரு அது?"

"நான்தான் சார்."